விற்றமினின் பின்னால் போன நஞ்சு

திருகோணமலை லிங்கநகரில் காய்ச்சல்காரர் இருக்கும் வீட்டில் இரண்டு சாமான் தப்பாமல் இருக்கும். ஒன்று பனடோல், மற்றது மார்மைட். அந்தக் கறுத்த பசையில் ஒரு கரண்டி எடுத்துச் சுடுதண்ணீரில் கரைத்து, தேசிக்காய் பிழிந்து குடிக்கக் கொடுப்பார்கள். சுகமாக இருக்கும் நாளில் அதே போத்தல் பாணுக்குப் பூச வரும். பியர் ஆலைகளில் மிஞ்சும் மதுவத்திலிருந்து எடுக்கும் சாறு அது. பிடித்தவர்கள் விரலால் வழித்து நக்குவார்கள். பிடிக்காதவர்கள் மணம் வந்ததுமே எழும்பிப் போய்விடுவார்கள். இந்த அத்தியாயத்தில் வரப்போகும் புற்றுநோய் மருந்துகள் சிலவற்றின் வம்சம் அந்தப் போத்தலில்தான் தொடங்குகிறது. மார்மைட் புற்றுநோயைச் சுகப்படுத்தும் என்று இதை வாசித்துவிட்டு யாரும் சொல்ல வேண்டாம். சில வேளைகளில் அதிலுள்ள விற்றமின் மருந்துக்குக் குறுக்கே நிற்கும் என்பதையும் போகப்போகப் பார்ப்போம்.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் பம்பாய்க்கு வந்தார். 1913இல் தாயாரோடு இலங்கைக்கு வந்து போனவர்; அப்போது அவர் வைத்தியம் படிக்கத் தொடங்கியிருக்கவில்லை. பம்பாய்த் துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான இரத்தச்சோகை கண்டு இறந்துகொண்டிருந்தார்கள். இரும்புச்சத்துக் குறைந்தால் செங்குருதிக் கலங்கள் சிறுத்துப் போகும். இவர்களுடைய கலங்களோ ஊதிப் பெருத்திருந்தன. அப்படியானால் குறைவது இரும்பு அல்ல, வேறு ஏதோ. பம்பாய், குன்னூர் பாஸ்டர் நிலையம், மெட்ராஸ் திருவல்லிக்கேணியில் அந்நாளில் ‘காஸ்ட் அண்ட் கோஷா’ என்று பெயர் வைத்திருந்த பெண்கள் வைத்தியசாலை என்று மாறி மாறி வேலை செய்த வில்ஸ், அந்தப் பெண்கள் சாப்பிட்டது போன்ற சாப்பாட்டையே எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்கும் சோகை வந்தது. ஒரு குரங்கு மிகவும் மோசமாகிவிட, மார்மைட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். குரங்கு எழும்பி நின்றது. பிறகு பெண்களும் எழும்பினார்கள். 1931இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் அந்த முடிவுகள் வெளியாகின.

மார்மைட்டுக்குள் இருந்த அந்தப் பொருளைப் பல காலம் ‘வில்ஸ் காரணி’ என்றே சொன்னார்கள். இன்று அது ஃபோலிக் அமிலம், பி விற்றமின்களில் ஒன்று. ஒரு கலம் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் தன் டிஎன்ஏயைப் பிரதி எடுக்க வேண்டும். டிஎன்ஏயின் எழுத்துகளில் ஒன்றைச் செய்ய ஃபோலேட் இல்லாமல் முடியாது. விற்றமின் கிடைக்காத கலம் வளர்கிறது, பிரிய முடிவதில்லை, அதனால் ஊதுகிறது. கர்ப்பிணியின் உடம்பில் புதுக் கலங்கள் ஓயாமல் பிறந்துகொண்டிருப்பதால் அவருக்கு இது கூடுதலாக வேண்டும். நம்முடைய பகுதிக் குடும்பநல மிஸி வீட்டுக்கு வந்து, “மஞ்சள் குளிசையை மறக்காமல் போடுங்கோ பிள்ளை” என்று சொல்வது இந்தப் பொருளைத்தான். பிள்ளையின் முள்ளந்தண்டு ஒழுங்காக மூட அது தேவை. அந்த மஞ்சள், சாயம் பூசியதால் வந்ததல்ல. ஃபோலிக் அமிலத்தின் சொந்த நிறமே மஞ்சள்தான்.

இங்கே ஒரு மெட்ராஸ்காரர் கதைக்குள் வருகிறார். எல்லப்பிரகட சுப்பாராவ் 1895இல் ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்தவர்; மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சத்திரசிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்பிபிஎஸ் பட்டத்துக்குப் பதிலாக அதைவிடக் கீழான எல்எம்எஸ் தகுதியோடு வெளியே வந்தார். சகோதரர்கள் இருவரைச் சங்கிரகணி கொண்டுபோனது. குடல் உணவை உறிஞ்ச மறுக்கும் அந்த நோயில் உடம்பில் குறைந்துபோகும் முக்கியப் பொருள்களில் ஒன்று ஃபோலேட் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 1922இல் பொஸ்டனுக்குப் போனார். ஹார்வர்டில் கலாநிதிப் பட்டம் பெற்றும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940இல் நியூயோர்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவருடைய தலைமையில் வேலை செய்த வேதியியலாளர்கள் 1945இல் ஃபோலிக் அமிலத்தின் அமைப்பைக் கண்டறிந்து, ஆய்வுகூடத்திலேயே அதைச் செய்துகாட்டினார்கள்.

பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையில் சிட்னி ஃபார்பர் இந்த விற்றமினை இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, வேகமெடுப்பது போலத் தெரிந்தது. நினைத்தாலே வயிற்றைக் கலக்கும் முடிவு. ஆனால் ஃபார்பர் அதைப் புரட்டிப் பார்த்தார். விற்றமின் புற்றுநோய்க்குத் தீனி என்றால், விற்றமினைப் போலவே தோற்றமளித்து வேலை செய்யாத போலி ஒன்றைக் கொடுத்தால் என்ன? சுப்பாராவின் குழுவினர் அப்படிப்பட்ட போலிகளைச் செய்து அனுப்பினார்கள். அவற்றில் அமினோப்டெரின் வேலை செய்தது. 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதாக 1948 ஜூனில் ஃபார்பர் எழுதினார். இரண்டு மாதம் கழித்து ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். வயது 53. அமினோப்டெரினின் தம்பி மெதொட்ரெக்ஸேட் இன்றும் உலகம் முழுவதும் பாவனையில் இருக்கிறது.

மெதொட்ரெக்ஸேட் கெட்டிக்கார நஞ்சு. ஆனால் அதற்கு ஆள் அடையாளம் தெரியாது. பிரியும் கலம் எதுவானாலும் தடுக்கும். புற்றுநோய்க் கலம் பிரிகிறது. மயிர்க்கால், வாயின் உட்தோல், குடல், எலும்பு மச்சை ஆகியவற்றின் கலங்களும் பிரிகின்றன. மருந்தேற்றியவருக்கு முடி கொட்டுவதும், வாய் வெந்துபோவதும், வெண்குருதிக் கலங்கள் விழுந்து கிருமி தொற்றுவதும் இதனால்தான்.

அந்தத் தலைமுறையின் மற்ற மருந்துகளும் அப்படியே. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டது நம் ஊரில் முதியவர்கள் வாயிலாக இன்னும் உலாவும் கதை. அடுத்த ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டில் ஜோன் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பல் வெடித்தது. இரகசியமாக அது ஏற்றி வந்திருந்த கடுகு வாயுக் குண்டுகள் உடைந்து, நூற்றுக்கணக்கானோர் நஞ்சேறி விழுந்தார்கள். அவர்களுடைய வெண்குருதிக் கலங்கள் வீழ்ந்திருந்ததை வைத்தியர்கள் கவனித்தார்கள். அதற்கு முந்திய ஆண்டிலேயே யேல் பல்கலைக்கழகத்தில் அந்த வாயுவின் உறவுக்காரப் பொருளொன்றை நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்கு ஏற்றிப் பார்த்திருந்தார்கள். கொல்லும் பொருளுக்கு மருத்துவத்தில் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. பஞ்சம் இருந்தது, அதை எங்கே கொண்டுபோய் விடுவது என்ற அறிவுக்குத்தான்.

அந்த அறிவைத் தேடும் வேலையை அதற்கு வெகு முன்னமே தொடங்கியவர் ஒரு பட்டப்படிப்பு மாணவர். போல் ஏர்லிக் 1878இல் லைப்சிக் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆய்வேடு, இழையங்களுக்குச் சாயம் ஏற்றுவது பற்றியது. ஒரு சாயம் நரம்பில் மட்டும் பிடிக்கிறது, இன்னொன்று ஒருவகைக் குருதிக் கலத்தில் மட்டும் பிடிக்கிறது, பக்கத்துக் கலத்தைத் தொடுவதுகூட இல்லை. அப்படியானால் கலத்தின் மேற்பரப்பில் குறிப்பிட்ட மூலக்கூற்றைப் பற்றிக்கொள்ளும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று அவர் பின்னாளில் வாதிட்டார். இன்றைக்கு அவற்றை வாங்கிகள் என்கிறோம். சாயம் தேர்ந்து பிடிக்குமென்றால் நஞ்சும் தேர்ந்து பிடிக்கும் என்பது ஏர்லிக்கின் கனவு. தொற்றுநோயில் அது ஓரளவு நனவானது. புற்றுநோயில் நூறு வருடத்துக்கு மேல் இழுபட்டது. காரணம் எளிது: கிருமி வேற்று உயிர், புற்றுநோய் நம் சொந்தக் கலம். அதன் மேற்பரப்பில் இருக்கும் வாங்கி அநேகமாக நல்ல கலத்திலும் எங்கோ இருக்கும்.

1980களின் கடைசியில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், பர்டியூ பல்கலைக்கழகத்தில், பிலிப் லோ என்ற உயிர்வேதியியல் பேராசிரியரின் ஆய்வுகூடம் சோயா அவரையின் கலங்களில் ஒரு விசித்திரத்தைக் கண்டது. பயோட்டின் என்ற விற்றமினை ஒரு பெரிய புரதத்தோடு ஒட்டிவிட்டால், தாவரக் கலம் அந்தப் புரதத்தையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. விலங்குக் கலமும் இப்படி ஏமாறுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டவர் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த கிறிஸ்டோபர் லீமன். அவர் பிடித்த விற்றமின் ஃபோலிக் அமிலம்.

ஏன் அது? சாதாரணக் கலங்களில் பெரும்பாலானவை ஃபோலேட்டைக் கலமென்சவ்வில் உள்ள ஓர் ஒடுங்கிய கால்வாய் வழியாக உள்ளெடுக்கின்றன. விற்றமினோடு வேறு எதையாவது ஒட்டினால் அந்தக் கால்வாயில் நுழையாது. சில கலங்களில் மட்டும் இரண்டாவது வழி ஒன்று உண்டு: ஃபோலேட் வாங்கி. விற்றமினை மிக இறுக்கமாகப் பற்றிக்கொண்டு, மென்சவ்வே உள்நோக்கிக் குழிந்து ஒரு சிறு பையாக, பற்றியதைப் பையோடு உள்ளே எடுத்துக்கொள்ளும். பையில் இடம் இருக்கும் வரை விற்றமினோடு என்ன தொங்கினாலும் அதற்குக் கவலையில்லை. சூலகப் புற்றுநோய்களில் பெரும்பான்மையானவை இந்த வாங்கியை மேற்பரப்பு நிறைய வைத்திருக்கின்றன. நுரையீரல், சிறுநீரக, கருப்பைப் புற்றுநோய்களிலும் பல அப்படியே.

திருகோணமலை உட்துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பலை ஒரு சின்னப் பைலட் படகு முன்னே போய் உள்ளே கூட்டிவருவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அந்தப் படகு ஃபோலிக் அமிலம்; அதன் மூலக்கூற்று நிறை 441தான். லீமன் அதன் பின்னால் கட்டிய புரதங்கள் அதைவிடப் பல பத்து மடங்கு, சில நூறு மடங்கு பாரமானவை.

சோதனையைக் கிட்ட நின்று பார்ப்போம். ஃபோலேட் இல்லாத ஊடகத்தில் வளர்த்த புற்றுநோய்க் கலங்கள் ஒரு தட்டில். ஒளிரும் சாயம் கட்டிய புரதத்தை மேலே விட்டால், கழுவியதும் போய்விடுகிறது. நுணுக்குக்காட்டியில் கலங்கள் இருட்டாகவே கிடக்கின்றன. அதே புரதத்தோடு ஃபோலிக் அமிலத்தை ஒட்டி விட்டால், முதலில் விளிம்புகள் ஒளிர்கின்றன. பிறகு ஒளி புள்ளி புள்ளியாக உள்ளே இறங்குகிறது. மூன்றாவது தட்டுத்தான் நல்ல ஆராய்ச்சியாளரின் அடையாளம். அதில் ஒட்டிய புரதத்தோடு சும்மா ஃபோலிக் அமிலத்தையும் தாராளமாகக் கலந்துவிடுகிறார்கள். வாங்கிகள் எல்லாம் வெறும் விற்றமினைப் பிடித்துக்கொள்ள, புரதத்துக்கு இடமில்லை. கலங்கள் திரும்ப இருட்டு. உள்ளே போனது ஃபோலேட் வாங்கி வழியாகத்தான், வேறு எந்தச் சந்தாலும் அல்ல என்பதற்கு அந்த இருட்டு சாட்சி. 1991இல் லீமனும் லோவும் இதை அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார்கள்.

அடுத்த வருடக் கட்டுரை நம் அடுப்படிக்கு இன்னும் கிட்ட வந்தது. கட்டிவிட்ட பொருள் மொமோர்டின். பாவற்காய் விதையில் இருக்கும் புரதம். கலத்துக்குள் புரதம் செய்யும் ரைபோசோம்களை அது முடக்கிவிடும். உள்ளே புகுந்தால் கலம் சாவது நிச்சயம். ஆனால் உள்ளே புக அதற்குச் சொந்த வழி கிடையாது. ஆமணக்கு விதையின் ரிசின் என்ற கொடிய நஞ்சு இதே வேலையைச் செய்வதுதான். அதற்குக் கலத்துக்குள் நுழைய உதவும் இரண்டாவது துண்டு ஒன்று உண்டு. மொமோர்டினுக்கு அந்தத் துண்டு இல்லை. லீமன் அந்த இடத்தில் ஃபோலிக் அமிலத்தைப் பொருத்தினார். வாங்கி நிறைந்த கலங்கள் மிகக் குறைந்த செறிவிலேயே செத்தன. வாங்கி இல்லாதவை ஒன்றும் நடக்காததுபோல் வளர்ந்தன. பின்னர் வேறொரு சோதனையில் இரண்டு வகைக் கலங்களையும் ஒரே தட்டில் கலந்து வளர்த்து, புற்றுநோய்க் கலங்களை மட்டும் பொறுக்கிக் கொன்று காட்டினார்கள்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. பாவற்காய்ச் சாறு புற்றுநோயைக் கொல்லும் என்று வட்ஸ்அப்பில் வருகிற செய்தியை உறவினர்கள் எனக்கும் அனுப்புவதுண்டு. நாம் குடிக்கும் சாற்றில் அந்தப் புரதம் இருந்தாலும் வயிறு அதைச் செரித்துவிடும். தப்பித்து இரத்தத்துக்கு வந்தாலும் கலத்துக்குள் போகத் தெரியாது. பாவற்காயைக் கறிக்கு வாங்குங்கள், நல்ல சாப்பாடு. மருந்து ஏற்றுகிற திகதியைத் தள்ளிப்போட்டுவிட்டுச் சாறு குடிக்காதீர்கள்.

அந்தத் தட்டுகளில் வளர்ந்த கேபி என்ற கல வகைக்கும் ஒரு கதை உண்டு. வாய்ப் புற்றுநோயிலிருந்து எடுத்தது என்றே நீண்ட காலம் எல்லோரும் எழுதிவந்தார்கள். மரபணுவைச் சோதித்தபோது அது ஹீலா. 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயிலிருந்து வளர்த்தெடுத்த, மற்றத் தட்டுகளுக்குள் களைபோல் பரவிய அதே கலம். ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முதலிடத்தில் இருக்கும் நம் நாட்டில், ‘வாய்ப் புற்றுநோய்க் கலத்தில் வேலை செய்தது’ என்ற பழைய வரியைக் காணும்போது இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

நல்ல கலத்திலும் வாங்கி இருக்குமே என்று முன்னே சொன்னேன். இருக்கத்தான் செய்கிறது: சிறுநீரகத்தில், நுரையீரலில், சூல்வித்தகத்தில். இயற்கை இங்கே நமக்கு ஓர் உபகாரம் செய்திருக்கிறது. நுரையீரல் கலத்தில் அந்த வாங்கி காற்றுப் பக்கத்தைப் பார்த்திருக்கிறது. சிறுநீரகத்தில் சிறுநீர் ஓடும் குழாயின் உட்பக்கத்தைப் பார்த்திருக்கிறது. இரத்தம் ஓடும் பக்கத்தில் இல்லை. புற்றுநோய்க் கலமோ மேல் கீழ், உட்பக்கம் வெளிப்பக்கம் என்ற ஒழுங்கைத் தொலைத்தது. வாங்கியைச் சுற்றிவர எங்கும் வைத்திருக்கும். ஆகவே இரத்தத்தில் வரும் மருந்தின் கண்ணுக்கு அது மட்டும் தெரிகிறது. சிறுநீரகம் மட்டும் விதிவிலக்கு: சிறிய மூலக்கூறுகள் வடிகட்டப்பட்டுக் குழாய்க்குள் போய்விடுவதால், ஃபோலேட்டோடு கதிரியக்கப் பொருளைக் கட்டி எடுக்கும் படங்களில் இரண்டு சிறுநீரகங்களும் பளிச்சென்று தெரியும்.

லோ எண்டோசைட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். லீமனும் அங்கே போனார். அவர்களுடைய முதல் பெரிய மருந்து விண்டாஃபோலைட். பாவற்காய்ப் புரதம் உடம்புக்குள் எதிர்ப்பைத் தூண்டும் என்பதால் அதை விட்டுவிட்டு, சிறிய மூலக்கூறான விண்பிளாஸ்டினின் ஒரு வகையை எடுத்தார்கள். அது பட்டிப்பூச் செடியின் நஞ்சு. நம் முற்றங்களிலும் கோயில் வீதிகளிலும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக்கிடப்பது, தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி. ஃபோலிக் அமிலத்துக்கும் பட்டிப்பூ நஞ்சுக்கும் நடுவே ஓர் இணைப்பு. அதில் இரண்டு கந்தக அணுக்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும். இரத்தத்தில் அந்தப் பிடி இறுகி நிற்க வேண்டும். கலத்துக்குள் போனதும் விட வேண்டும். கலத்தின் உள்ளே குளுட்டாதயோன் என்ற பொருள் இரத்தத்தில் உள்ளதைவிட மிக அதிகம். அது கந்தகப் பிடியை வெட்டிவிடும். மருந்தைக் கொண்டுபோவதைவிட, சரியான இடத்தில் கைவிடச் செய்வதுதான் இந்தத் துறையில் கடினமான கலை என்பது என் எண்ணம். செய்திகளில் ‘இலக்கு’ மட்டும் பேசப்படும், இணைப்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

விண்டாஃபோலைட் இரண்டாம் கட்டச் சோதனையில் நம்பிக்கை தந்தது. சூலகப் புற்றுநோயில் நோய் மீண்டும் வளராமல் நின்ற காலம், வழமையான மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 2.7 மாதம், இதையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 5 மாதம். 2012இல் மேர்க் நிறுவனம் 120 மில்லியன் டொலர் முற்பணம் கொடுத்துக் கைகோத்தது. 2014 மே மாதம் மூன்றாம் கட்டச் சோதனை இடைநடுவில் நிறுத்தப்பட்டது. கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை.

எங்கே பிழைத்தது? ஒரு காரணம் வேகம். இந்தச் சின்ன மூலக்கூறு நிமிடக் கணக்கில் இரத்தத்தை விட்டுப் போய்விடும். அதற்குள் கட்டியின் உட்பகுதிக்கு எவ்வளவு போய்ச் சேரும்? இன்னொன்று எண்ணிக்கை. ஒரு வாங்கி ஒரு மருந்து மூலக்கூற்றைத்தான் உள்ளெடுக்கும். எடுத்த பிறகு திரும்ப மேற்பரப்புக்கு வர நேரம் பிடிக்கும். படத்தில் கட்டி ஒளிர்வது, மருந்து அங்கே போகிறது என்று மட்டும் காட்டும். கொல்லப் போதுமான அளவு போகிறது என்று காட்டாது.

இந்த ஏமாற்றம் ஃபோலேட்டுக்கு மட்டும் உரியதல்ல. நனோ துணிக்கைகளில் மருந்தை அடைத்து அனுப்பும் ஆய்வுகளைப் பத்தாண்டுக்கு அலசிப் பார்த்த டொரொன்டோ குழுவொன்று 2016இல் ஒரு கணக்குச் சொன்னது: ஏற்றிய துணிக்கைகளில் கட்டியைச் சென்றடைவது, இடைநிலை அளவில், 0.7 சதவீதம். மிச்சத்தில் பெரும்பங்கை ஈரலும் மண்ணீரலும் வழியில் பிடித்துக்கொள்கின்றன. ஆய்வேட்டு முகவுரைகளில் ‘பக்க விளைவற்ற’ என்ற சொல் வரும் இடமெல்லாம் இந்த எண்ணைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிவைக்கலாம்.

அதே வாங்கியைப் பின்னர் வேறு குழுவினர் பிறபொருளெதிரி கொண்டு பிடித்தார்கள். மிர்வெடுக்சிமாப் சொராவ்டன்சின் என்று வாய்க்குள் நுழையாத பெயர். இதில் விற்றமின் இல்லை. ஃபோலேட் வாங்கியைப் பற்றிக்கொள்ளும் பெரிய புரதம். அதில் மேய்டன்சின் வகை நஞ்சு பல பிரதிகள் தொங்குகின்றன. இரத்தத்தில் நாள் கணக்கில் சுற்றும். சிறுநீரக வடிகட்டியால் நழுவாது. நஞ்சு கலத்துக்குள் விடுபட்ட பிறகு கசிந்து பக்கத்துப் புற்றுநோய்க் கலத்தையும் கொல்லும். 2022 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வழமையான மருந்துக்கு மசியாத சூலகப் புற்றுநோயில் இடைநிலை ஆயுள் 12.7 மாதத்திலிருந்து 16.5 மாதமானது. கட்டிக் கலங்களில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் வாங்கி அடர்த்தியாகத் தெரிந்தால் மட்டுமே கொடுப்பார்கள். அதைப் பார்க்க இழையத் துண்டுக்குச் சாயம் ஏற்ற வேண்டும். ஏர்லிக்கின் வேலை இன்னும் முடியவில்லை. இவ்வளவு குறிபார்த்தும் அது படுகிற வேண்டாத இடம் எது தெரியுமா? கண். கருவிழி பாதிக்கப்பட்டுப் பார்வை மங்குவது அந்த மருந்தின் தலையாய எச்சரிக்கை. கண்துளி விட்டுக்கொண்டே மருந்தேற்ற வேண்டியிருக்கிறது.

லோவின் ஃபோலேட் வேறு வழியால் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் வந்தது. நஞ்சுக்குப் பதிலாக ஒளிரும் சாயத்தைக் கட்டினால், வயிற்றைத் திறந்த வைத்தியருக்குக் கண்ணில் படாத சிறு சிறு கட்டிகளும் சிறப்புக் கமராவில் ஒளிரும். பாஃபோலாசயனின் என்ற அந்தப் பொருளுக்கு 2021 நவம்பரில் சூலகப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. அதைக் கொடுப்பதற்கு முந்திய 48 மணித்தியாலத்துக்கு ஃபோலிக் அமிலக் குளிசை போடக் கூடாது என்று அறிவுறுத்தலில் இருக்கிறது. லீமனின் மூன்றாவது தட்டை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வெறும் விற்றமின் வாங்கிகளைப் பிடித்துவிட்டால் சாயத்துக்கு இடமில்லை.

விண்டாஃபோலைட்டில் விழுந்த எண்டோசைட் நிறுவனம் 2017இல் முன்னிற்கும் சுரப்பிப் (புரொஸ்டேட்) புற்றுநோய்க்கான ஒரு பொருளின் உரிமையை வாங்கியது. ஒரு சிறு மூலக்கூற்றோடு லுட்டீசியம்-177 என்ற கதிரியக்க அணுவைக் கட்டியது அது. அடுத்த ஆண்டே நொவார்ட்டிஸ் நிறுவனம் சுமார் 210 கோடி டொலருக்கு எண்டோசைட்டை வாங்கிவிட்டது. 2022 மார்ச்சில் மருந்து அனுமதி பெற்றது. லுட்டீசியத்தின் பீற்றாக் கதிர் இழையத்துக்குள் இரண்டு மில்லிமீற்றர் அளவுதான் போகும், ஆகவே போய் ஒட்டிய இடத்தின் அக்கம்பக்கத்தோடு நின்றுவிடும். நஞ்சை உள்ளே எடுக்க வேண்டும், இணைப்பு அறுபட வேண்டும் என்ற தொல்லையும் இல்லை. அது பிடிக்கும் புரதம் பிஎஸ்எம்ஏ. நம் குடலிலும் அதே நொதியம் உண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள ஃபோலேட்டின் வாலை நறுக்கி உறிஞ்சத்தக்கதாக்குவது அங்கே அதன் வேலை. முன்னிற்கும் சுரப்பிக்கு அது ஏன் இத்தனை தேவை என்பது வேறு கதை. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இந்த மருந்து சேர்கிறது. எனவே பலருக்கு வாய் வறண்டுபோகும்.

இந்த மருந்துகளின் விலை நம் ஊர்க் குடும்பம் ஒன்று எண்ணிப் பார்க்கக்கூடியது அல்ல. வெற்றிலை, பாக்கு, புகையிலையால் வாய்ப் புற்றுநோய் வந்து முற்றிய ஒருவருக்கு இந்த நீண்ட கதையிலிருந்து கிடைக்கக்கூடியது எது என்று கேட்டால், விடை திரும்பவும் இலக்கு தெரியாத அந்தப் பழைய மெதொட்ரெக்ஸேட்தான். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 422 நோயாளிகளை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2020இல் வெளியானது. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு ஒரு பகுதியினருக்கு மூன்று கிழமைக்கு ஒருமுறை நாளத்தில் சிஸ்பிளாட்டின். மறு பகுதியினருக்கு வீட்டிலேயே விழுங்கும் மெதொட்ரெக்ஸேட்டும் செலிகொக்சிப் என்ற வலிக்குளிசையும். குளிசைக்காரர்களின் இடைநிலை ஆயுள் 7.5 மாதம், நாளத்தில் ஏற்றியவர்களுக்கு 6.1. கடும் பக்க விளைவும் குளிசையில் குறைவு. பெரிய வித்தியாசம் அல்லத்தான். ஆனால் மருந்தேற்ற மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகவும் திரும்பிவரவும் பஸ்ஸில் இரவெல்லாம் இருக்கிறவருக்கு, விழுங்கிவிட்டு வீட்டில் படுப்பது என்ன என்று தெரியும்.

மெதொட்ரெக்ஸேட் குளிசையில் ஒரு கவனம். அது கிழமைக்கு ஒருமுறை போடுவது. வாதத்துக்குப் போடுகிறவர்களுக்கும் அப்படியே. அவர்களுக்கு மற்ற நாட்களில் ஃபோலிக் அமிலக் குளிசையையும் சேர்த்துக் கொடுப்பார்கள், நல்ல கலங்கள் தாங்கிக்கொள்ள. இரண்டும் மஞ்சள் குளிசைகளாகவே வருவதுண்டு. மாறிப்போய் மெதொட்ரெக்ஸேட்டைத் தினமும் விழுங்கி எலும்பு மச்சை வற்றி இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. மருந்து எடுக்கும்போது கிழமையில் எந்த நாள் என்று உறையின் மேலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.